பராசக்தியும் மலைநாட்டு இரசிகரும்

1952ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 17ஆம் நாள், தீபாவளியன்று, தமிழகத்தில் வெளியான 'பராசக்தி', தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் தவிர்த்துச் செல்ல இயலாத படமாகும். பாவலர் பாலசுந்தரம் எழுதிய மேடை நாடகமொன்றை அடியாகக் கொண்டு மு. கருணாநிதி உரையாடல் தீட்டினார். கிருஷ்ணன், பஞ்சு என்னும் இரட்டையர் நெறிப்படுத்தினர். நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள், ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரின் துணையோடு அதனை உருவாக்கினார். சிறுவயது முதல் மேடையிலே வளர்ந்த கணேசன் குணசேகரனாகத் தோன்றிப் பெரும்புகழ் எய்தியதும் இப்படத்தினாலேயாம். கடல் கடந்தும் அப்புகழ் பரவிற்று. இலங்கையில் மைலன் படமாளிகையில் ஏறத்தாழ 40 வாரங்கள் அது ஓடியமை இன்றும் பெருமையோடு குறிப்பிடப்படுகின்றது.

இத்துணைச் சிறப்பு வாய்ந்த படம் எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்ட இந்நாளில் இளைஞர் உள்ளத்தைத் தொடுமா என்னும் வினா அடிக்கடி எழுகின்றது. தொடும் என்பாரும் தொடாது என்பாரும் உளர். வியப்பு யாதெனில், இருசாராரும் ஒரே காரணத்தையே காட்டுவர். முன்னவர் அதன் வசனம் என்றும் வாடாதது என்பர். பின்னவர் அதன் வசனமே இன்றைய செவிக்குப் பொறுக்க முடியாதது என்பர். ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் வாழும் மக்களை முன்னிறுத்தி நோக்குமிடத்து, இருசாராரும் படத்தின் உயிர்நிலை இருக்கும் இடத்தை விட்டு வேறிடத்திலே நின்று வழக்காடுகின்றனர் என்றே சொல்லத் தோன்றுகின்றது.

வசனத்தை முதற்கண் நோக்கலாம். 1949இல் 'வேலைக்காரி'யும் 1951இல் 'ஓர் இரவு'ம் அண்ணாதுரையின் பேச்சு நடையைத் திரைக்குக் கொணர்ந்து வழி வகுத்திருந்தன. அவ்வழியிலே 'பராசக்தி' நெடுந்தூரம் சென்றது. மோனையும் எதுகையும் அடுக்கி வரும் தொடர்களும், ஏறி இறங்கி முடியும் வாக்கியங்களும் மேடைச் சொற்பொழிவின் இலக்கணத்தைப் பின்பற்றியன. இசைத்தட்டாகவும் சிறு நூலாகவும் அவை வீடுதோறும் சென்றன. எழுத்தறிவு குறைந்திருந்த தோட்டத்து லயங்களிலே, படத்தைப் பார்த்தறியாதவரும் கேள்வியினால் அவற்றை மனனஞ் செய்திருந்தனர். இதனைத் திரைப்பட மயக்கம் என்று மட்டும் தள்ளிவிடல் பொருந்தாது. மாசித் திங்களில் காமன் கூத்தினை இரவு முழுதும் விழித்திருந்து காணும் மக்கள் அவர்கள். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கர் கதையும் அவர்களுக்குப் பழக்கமானவை. ஒருவன் முன்னே வந்து நின்று தன் வரலாற்றைத் தானே விரித்துரைப்பதும், அவையோர் அதனைச் செவி சாய்த்துக் கேட்பதும் கூத்தின் இயல்பாகும். நீதிமன்றக் கூண்டில் ஏறி நின்று குணசேகரன் பேசுங்கால், கூத்துக்களத்திலே பழகிய செவிகள் அதனை நீண்டதென்று கருத வேண்டிய தேவை இருக்கவில்லை.

இன்றைய நிலை வேறு. கூத்துக்கு விழித்திருந்த பழக்கம் அருகிவிட்டது. கைத்தொலைபேசியிலே ஐந்து நிமிடத்திற் படம் பார்க்கும் தலைமுறை வந்துவிட்டது. ஆயினும் நீதிமன்ற உரை அழியவில்லை என்பதனையும் ஏற்றுக்கொள்ளல் வேண்டும். அவ்வுரை மட்டும் தனியே வெட்டி எடுக்கப்பட்டுப் பரவுகின்றது. பாடசாலைப் பேச்சுப் போட்டிகளிலும் கலைவிழாக்களிலும் இளஞ்சிறார் கறுப்புத் துண்டைத் தோளிலிட்டு அதனை முழங்குகின்றனர். எனினும் தேரினின்று கழற்றி எடுத்த சிற்பத்துக்கு நேர்வது அதற்கும் நேர்ந்துவிட்டது. சிற்பம் அழகாகவே இருக்கின்றது. தேர் எவ்வீதியில் ஓடிற்று என்பது தெரியாமற் போயிற்று. பேசுகின்றவன் எங்கிருந்து வந்தான், எதனை இழந்தான், எதற்காக அக்கூண்டில் நிற்கின்றான் என்பவை பேசுஞ் சிறுவனுக்கும் தெரியா. கேட்டுக் கைதட்டுவோருக்கும் தெரியா.

உரையாடலிலே உள்ள மெய்யான குறை அதன் நீளமன்று. படத்தில் வருவோர் அனைவரும் ஏறக்குறைய ஒரே குரலிற் பேசுகின்றனர் என்பதே குறை. நீதிபதியும் இரவலனும் பித்தனாக நடிப்பவனும் ஒரே புலவரிடம் பாடங் கேட்டவர் போலத் தோன்றுகின்றனர். பேச்சினால் மாந்தரை வேறுபடுத்திக் காட்டுதல் நாடகாசிரியனின் கடமைகளுள் ஒன்று. அக்கடமை ஈண்டுக் கைவிடப்பட்டுள்ளது. இதனைப் படம் வெளிவந்த காலத்திலேயே கூறியிருக்கலாம். இப்பொழுது கூறுவதற்கும் தடையில்லை.

சமயம் பற்றிய வாதமும் இவ்விடத்தே வந்து சேரும். கோயிற் பூசாரியைத் தீயோனாகக் காட்டியமை பற்றி அக்காலத்தே பெருங் கண்டனம் எழுந்தது. படத்தைத் தடை செய்ய வேண்டும் என்ற கூக்குரலும் எழுந்தது. நடுநிலையோடு நோக்குவார்க்குக் குணசேகரனின் சினம் கோயிலின்மீது செல்லவில்லை என்பதும், கோயிலை மறைவிடமாகக் கொள்ளும் கயமையின்மீதே செல்கின்றது என்பதும் விளங்கும். அவனே நீதிமன்றத்தில் அவ்வாறு விளக்கமும் தருகின்றான். மலைநாட்டிலோ இவ்வாதம் அத்துணைச் சூடு பிடித்திருக்க இடமில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் மாரியம்மன் கோயில் ஒன்று உண்டு. அதனைக் கட்டியவரும் தொழிலாளரே. பூசை செய்தவரும் பலவிடங்களில் அவர்களுள் ஒருவரே. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையுமே அங்கு அதிகாரத்தின் முகங்கள். அம்மன் திருவிழாவில் தீ மிதித்து வந்தவர்கள் அடுத்த கிழமை 'பராசக்தி'யைப் பார்த்துவிட்டு வருவதில் முரண்பாடு எதனையும் கண்டிரார் எனக் கொள்ளுதல் தகும்.

படத்தின் கதையை வசனத்தினின்று பிரித்து, வெறுங் கதையாக நினைவுகூர்வது பயன் தரும். சந்திரசேகரன், ஞானசேகரன், குணசேகரன் என்னும் உடன்பிறந்தார் மூவரும் பர்மாவின் இரங்கூன் நகரில் வாழ்கின்றனர். தந்தையும் தங்கை கல்யாணியும் மதுரையில் உள்ளனர். தங்கையின் திருமணத்துக்கு மூவரும் புறப்பட எண்ணுகின்றனர். உலகப் போர்க்காலமாதலின் கப்பலில் ஒருவருக்கே இடங் கிடைக்கின்றது. இளையவன் குணசேகரன் வருகின்றான். கப்பல் காலந் தாழ்த்துச் சென்னையை அடைகின்றது. கரை இறங்கியதும் தாயகத்தின் குரலாக அவன் செவியில் முதன்முதல் விழுவது இரப்போன் ஒருவனின் குரல். அடுத்து, ஆடல்பாடலிலே மயங்கி ஒருத்தியிடம் பொருள் அனைத்தையும் பறிகொடுக்கின்றான். மதுரையை அடையும்போது தந்தையும் இல்லை, தங்கையின் கணவனும் இல்லை, வீடும் இல்லை. கைக்குழந்தையோடு தங்கை தெருவோரத்தில் இட்டிலி விற்றுப் பிழைக்கின்றாள். பின்னர்ப் பர்மாவிலே குண்டு விழ, அங்கிருந்த அண்ணன்மாரும் நடந்து புறப்படுகின்றனர். வழியிலே ஞானசேகரன் ஒரு காலை இழந்து, இரந்துண்ணும் நிலையடைகின்றான்.

படத்தின் தொடக்கத்திலே திராவிட நாட்டின் வளத்தைப் புகழ்ந்து பாரதிதாசனின் பாடல் ஒன்று ஆடலோடு வருகின்றது. அதனைத் தொடர்ந்து வருவதோ, அந்நாட்டை நம்பி வந்தவன் அந்நாட்டிலேயே கொள்ளையிடப்படும் கதை. முரணை அமைத்தோர் அதனை அறிந்தே அமைத்தனரா என்பது ஆராய்ச்சிக்குரியது; காண்பவர் உள்ளத்தில் அது தைத்தே தீரும்.

இக்கதை கற்பனையாயினும் அதன் அடித்தளம் கற்பனையன்று. 1942இல் யப்பானியப் படை பர்மாவுக்குட் புகுந்தபோது இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து கால்நடையாகவே இந்தியா நோக்கி வந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் ஆயிரமாயிரவர். 'பராசக்தி' வெளிவந்த நாளில் இந்நிகழ்ச்சி பத்தாண்டுப் பழமையே உடையது. எனவே படத்தைப் பார்த்த தமிழகத்து மக்கள் அதனை நடந்து முடிந்த ஒன்றாகக் கண்டனர். மலைநாட்டு மக்களுக்கோ அது நடந்து முடிந்ததன்று.

அதே 1952ஆம் ஆண்டின் ஏப்பிரல் மாதத்திலே கொழும்பிற் பிரதமர் அலுவலகத்தின் முன்னே மலைநாட்டுத் தலைவர்கள் சத்தியாக்கிரகம் இருக்கத் தொடங்கினர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவராக்கியிருந்தது. அடுத்த ஆண்டு அவர்தம் வாக்குரிமையும் போயிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியாவில் தொண்டமானையும் தலவாக்கலையிற் கவிஞர் வேலுப்பிள்ளையையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே வாக்களிக்க வழியின்றி நின்றனர். 'பராசக்தி' வந்து சேர்ந்தது இத்தகைய மக்களிடம்.

பின்னர் நிகழ்ந்தது எவரும் அறிந்ததே. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. 975,000 பேரெனக் கணக்கிடப்பட்ட நாடற்றோருள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் மெய்யாகவே அனுப்பப்பட்டனர். ஹற்றனிலும் நானுஓயாவிலும் கோச்சி ஏறியவர்கள் தலைமன்னாரில் இறங்கி, 'இராமானுஜம்' என்னும் கப்பலில் இராமேசுவரம் சென்று, மண்டபம் முகாமில் வரிசையில் நின்றனர். அம்மண்டபம் முகாமின் வழியாகத்தான், முந்திய தலைமுறைகளில், அவர்தம் முன்னோர் பலர் நோய்த்தடைக் காவலில் வைத்துச் சோதிக்கப்பட்டுத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். போன வாயிலாலேயே திரும்பினர். ஆனால் திரும்பியவர் போனவரல்லர்.

அங்கு அவர்களுக்குக் காத்திருந்தது குணசேகரனுக்குக் காத்திருந்ததே. ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையுமாகச் சேர்ந்த சிறு தொகையைக் கையில் வைத்திருந்தோரை வழிநெடுக ஏமாற்றுவோர் சூழ்ந்தனர். கொழுந்து பறிப்பதன்றி வேறொன்றறியாதவருக்குக் கடை வைக்கக் கடன் கொடுக்கப்பட்டது. கடையும் போய்க் கடனும் நின்றது. சொந்த ஊர் என்று தேடிச் சென்றவரை அங்கிருந்த உறவினர் அறியவில்லை. அறிந்தோரும் நெடுநாள் ஏற்கவில்லை. நீலகிரியில் அவர்களுக்கென 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் அமைத்தது. ஏராளமானோர் மீண்டும் தேயிலைத் தூரிலேயே போய் நின்றனர். இலங்கையில் 'இந்தியாக்காரன்' எனப்பட்டவன் அங்கே 'சிலோன்காரன்' ஆனான்.

இவ்வரலாற்றைக் கையிற் கொண்டு படத்தை நோக்கினால், திறனாய்வாளர் பலர் குறையெனக் கூறும் ஓரிடம் வேறு ஒளியோடு தோன்றுகின்றது. மதுரைக்கு வந்து சேர்ந்த குணசேகரன் தங்கையைக் காண்கின்றான். அவள் துயரையும் அறிகின்றான். ஆயினும் 'யான் உன் அண்ணன்' என்று அவளிடம் கூறவில்லை. பித்தனாக நடித்து அவளைச் சுற்றிச் சுற்றி வருகின்றான். அவளோ அவனைத் தொல்லை தரும் ஒரு பித்தனாகவே கருதிச் சினக்கின்றாள். இஃது இயற்கைக்கு மாறானது, கதையை வளர்ப்பதற்காகச் செய்த சூழ்ச்சி, ஒரு சொல் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும் என்பர் மேற்படி திறனாய்வாளர். அளவையின்படி அக்கூற்றிற் பிழையில்லை. ஆனால் அளவை நூலும் வெளிநாடு சென்றவன் நெஞ்சும் ஒன்றல்ல.

கடல் கடந்தவன் வெறுங்கையோடு மீளக்கூடாது. இவ்விதியை எவரும் எழுதி வைக்கவில்லை. எனினும் அதனை அறியாத தோட்டக் குடும்பம் இல்லை. தேயிலைத் தூரிலே செல்வம் கிடைக்குமெனக் கங்காணி காட்டிய ஆசையை நம்பிக் 'கண்டிச்சீமை' சென்றவன், ஊரில் உள்ளோருக்கு நலமாயிருப்பதாகவே கடிதம் விடுப்பான். முன்பணக் கடனையும் துண்டுக் கணக்கையும் கடிதத்தில் எழுதான். ஊரிலுள்ளோர் அவனைச் செல்வனென எண்ணிக்கொண்டிருப்பர். அந்த எண்ணமே அவனுக்கு எஞ்சிய ஒரே செல்வம். குணசேகரனும் தங்கைக்குச் சீர் கொணர வேண்டிய அண்ணன். சீரும் இல்லை, பயணச் செலவுக்கும் காசில்லை. இந்நிலையில் 'அண்ணன்' என்ற சொல்லை உரைப்பதற்கு அவனிடம் வாயில்லை. பித்தனுக்கோ கடமை இல்லை; பித்தனிடம் எவரும் கணக்குக் கேளார்; பித்தன் இரந்துண்டால் அது குடும்பத்துக்கு இழிவாகாது. அவன் மேற்கொண்ட வேடம் நகைச்சுவைக்காகப் புனையப்பட்டதாகத் தோன்றினும், அதன் அடியில் இருப்பது நாணம். நீதிமன்றத்தில் இடியென முழங்கும் அதே கணேசன், இட்டிலிக் கடை வாயிலிற் பித்தனாகச் சிரித்துக்கொண்டே தங்கையைப் பார்க்கும் பார்வையிலே உரையாடலுக்கு எட்டாத ஒன்றைக் காட்டிவிடுகின்றார். படத்தில் என்றும் பழமையாகாத இடம் எதுவென வினவினால் இதனையே சுட்டுதல் வேண்டும்.

தமிழிலக்கியத்துக்கும் இது புதியதன்று. சூதிலே அனைத்தையும் தோற்ற நளன், உருத் திரிந்து வாகுகனாகி, அயலான் மடைப்பள்ளியிலும் தேர்ச்சாலையிலும் பணிபுரிந்தான். தன் மக்களையே கண்முன் கண்டபோதும் தான் யாரென்று வாய் திறந்து கூறாமல் நின்றான். நளவெண்பாவைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் 'நளன் ஏன் உடனே கூறவில்லை' என வினவி அதனைக் காப்பியக் குறையென்று முடிவு கட்டுவதில்லை. இழந்தவன் மறைந்து நிற்பான் என்பது அங்கே எளிதில் ஏற்கப்படுகின்றது. அவ்வேற்பினைப் 'பராசக்தி'க்கும் நீட்டுவதிற் பிழையொன்றுமில்லை. வேறுபாடும் ஒன்றுண்டு: நளனுக்கு உருவை மாற்றக் கார்க்கோடகன் தேவைப்பட்டான், குணசேகரனுக்கு வறுமையே போதுமாயிருந்தது.

அடையாளம் அறியாமை என்னும் இக்கருத்து படத்திலே இன்னும் ஆழமாக ஓரிடத்தில் வருகின்றது. நடந்து வந்த மூத்தவன் சந்திரசேகரன் திருச்சியில் நீதிபதியாகின்றான். பசியோடு வாயிலில் வந்து நிற்கும் பெண் தன் தங்கை என்றறியாமல் அவளை விரட்டிவிடுகின்றான். பின்னர்ப் பெற்ற குழந்தையை ஆற்றில் எறிந்த குற்றத்துக்காக அவளே அவன்முன் நிறுத்தப்படுகின்றாள். தீர்ப்பிருக்கையில் உடன்பிறந்தானும் கூண்டில் உடன்பிறந்தாளுமாக அமைந்த இக்காட்சியை மிகைநாடகம் என்பார் சொல்லட்டும். வங்கத்துப் பிரிவினையின் துயரை எடுத்துரைத்த ரித்விக் கட்டக், 1965இல் திரைக்கு வந்த 'சுவர்ணரேகா'வில், குடிவெறியில் ஒருத்தியின் இல்லம் புகும் அண்ணன் அவள் தன் தங்கையென்று காணும் கொடுங் காட்சியை அமைத்தார். அதனை உலகத் திறனாய்வாளர் வியந்து போற்றுகின்றனர். இரண்டும் ஒரே வேதனையின் கிளைகள். ஊர்விட்டு ஊர் எறியப்பட்ட குடும்பத்தில் உறவு உறவை அறியாமற் போகின்றது. கட்டக் அதனை ஆறுதலின்றிக் காட்டினார். 'பராசக்தி' ஆறுதலோடு காட்டிற்று. கலைத்திறத்தில் வங்கப்படமே உயர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

மலைநாட்டானுக்கு இந்நீதிமன்றம் மற்றொரு விசாரணையை நினைவூட்டும். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியக் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையை எழுத்தினால் நிறுவ வேண்டியிருந்தது. லயத்திற் பிறந்து லயத்தில் வளர்ந்தவனிடம் எழுத்து ஏது? விண்ணப்பித்தோருட் சிறு பகுதியினரே ஏற்கப்பட்டனர். 'நீ யார்' என்று கேட்கப்பட்டு, கேட்டவர் விரும்பும் வகையிலே விடை கூற இயலாமல் நின்ற அனுபவம் அவர்களுக்குத் திரையிற் கண்டு கற்க வேண்டியதன்று. குணசேகரன் கூண்டிலிருந்து கேட்ட கேள்விகளை அவர்கள் ஏன் மனனஞ் செய்தனர் என்பதற்குச் சொல்லழகு ஒன்றே காரணமாகாது. அவர்கள் சார்பிற் பேசுவதற்குப் பாராளுமன்றத்தில் ஒருவரும் இல்லாதிருந்த காலம் அது.

படத்தின் குறைகளை மறைத்தல் திறனாய்வுக்கு அழகன்று. இன்றைய மாணவியர் இப்படத்தைக் காண்பாராயின், கல்யாணியைப் பற்றி அவர்கள் எழுப்பக்கூடிய வினாக்களுக்கு விடை கூறல் கடினம். காடையன், கள்ளச்சந்தை வணிகன், பூசாரி என மூவர் ஒருவர்பின் ஒருவராக அவளிடம் முறைதவற முயல்கின்றனர். ஒவ்வொரு முறையும் பிறர் வந்து அவளைக் காக்கின்றனர். ஒரே நிகழ்ச்சியை மும்முறை கூறுவதனால் கொடுமை மிகுவதில்லை. உணர்ச்சி மரத்துப் போகின்றது. நாடு நினைவில் வைத்ததும் அண்ணனின் உரையையே அன்றி அவள் துயரையன்று. ஆற்றில் எறியப்பட்ட குழந்தை விமலாவின் படகிலே வந்து விழுவதும், பிரிந்தோர் அனைவரும் ஒரே நாளில் ஒரே இடத்திற் கூடுவதும் கூத்தின் முடிவுக்கு ஒக்கும். வாழ்க்கையின் முடிவுக்கு ஒவ்வா.

எனினும் கல்யாணியின் கதையில் ஒரு பகுதி இன்றும் கண்ணை நிறுத்தும். கணவனும் தந்தையும் ஒரே நாளில் மறைந்து, வீடும் ஏலத்திற் போனபின், அவள் முதலிற் செய்வது இரத்தலன்று. அடுப்பை மூட்டி இட்டிலி அவிப்பதே. விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு வைத்துவிட்டுப் பிரட்டுக்களத்துக்கு ஓடி, நாள் முழுதும் கூடை சுமந்து, மாலையில் மீண்டும் அடுப்படிக்கு வரும் பெண்கள் வாழும் நாட்டிலே, இட்டிலிக் கடைக் கல்யாணிக்கு விளக்கவுரை வேண்டுவதில்லை. கதையாசிரியர் அவளை அக்கடையிலேயே இன்னுஞ் சிறிது நேரம் இருக்க விட்டிருந்தால் படம் எத்துணை உயர்ந்திருக்கும் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

மலைநாட்டு வாழ்வையே நேரிற் காட்டும் படங்கள் பின்னர் வந்தன. இலங்கைத் தமிழ்ப் படங்களுள் மிக முந்தியவற்றுள் ஒன்றான 'தோட்டக்காரி' 1963இல் வெளியாயிற்று. தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' 1975இல் வந்தது. தென்னிந்தியத் தேயிலைத் தோட்டக் கொடுமையைப் பாலாவின் 'பரதேசி' 2013இல் விரிவாகக் காட்டிற்று. லயமும் மட்டக்கம்பும் துரை பங்களாவும் இவற்றில் உண்டு; 'பராசக்தி'யிலோ தேயிலைச் செடி ஒன்றுகூட இல்லை. எனினும் ஆள் கட்டும் கதையையும் உழைப்புக் கதையையும் சொன்ன படங்கள் மீளும் கதையைச் சொல்லவில்லை. போனவன் திரும்பினால் என்ன ஆவான் என்ற வினாவை எழுப்பி, அதற்கு விடையும் கூறிய படம், தேயிலை மலையைக் கண்ணாலும் காட்டாத 'பராசக்தி'யே.

ஆகவே இன்றைய இளைஞரிடம் இப்படத்தைக் கொண்டு செல்ல விரும்பும் ஆசிரியர், நீதிமன்றக் காட்சியிலே தொடங்குதல் நன்றன்று. இரங்கூன் வீட்டிலே மூவர் ஒரு பயணச்சீட்டை வைத்துக்கொண்டு யார் போவதெனப் பேசும் இடத்திலே தொடங்க வேண்டும். ஒரு குடும்பத்திலே தந்தைக்கு இந்தியப் பத்திரமும் மகளுக்கு இலங்கைப் பத்திரமும் கிடைத்த கதைகளைப் பாட்டியரிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பயணச்சீட்டின் நிறை உடனே விளங்கிவிடும். கறுப்பு வெள்ளைப் படமாயிற்றே என்று அவர்கள் தயங்கப் போவதில்லை.

படத்தின் இறுதியிலே அண்ணன்மார் மூவரும் தங்கையும் ஒன்றுகூடி, ஆதரவற்றோருக்கு இல்லம் ஒன்றைத் திறந்து வைக்கின்றனர். தலைமன்னார்க் கப்பல் 1980களில் போரினால் நின்று போயிற்று. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை வழங்கிற்று; அதற்குள் ஒரு தலைமுறை மறைந்துவிட்டது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியேறியவர்கள் ஹற்றனிலும் தலவாக்கலையிலும் உள்ள தங்கைமாரைக் காண வரவேண்டுமாயின், இப்பொழுது கடவுச்சீட்டு எடுத்து, உல்லாசப் பயணிகளுக்குரிய விசாவில், குறித்த நாட்கள் மட்டும் வந்து தங்கிச் செல்கின்றனர்.